ஆறு என்னும் வழி
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கிறித்தவ இலக்கியத்தில் வழி என்னும் படிமம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தலைப்பு மிகப் பெரிது. எனக்குத் தரப்பட்ட நேரமோ அரைமணி. ஆகவே உரோமாபுரியின் கற்சாலைகளையும் எருசலேமின் தெருக்களையும் இறையியல் அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, நாம் நாள்தோறும் நடக்கின்ற காவிரிப் படுகையில் நின்றுகொண்டே இப்பொருளை நோக்க விழைகின்றேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இலக்கிய மாணவி என்ற அளவில்தான் இந்நூல்களுக்குள் சென்றேன். அந்த எல்லைக்குள் நின்றே பேசுகின்றேன்.

தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கு நதி என்றும் பொருள். வழி என்றும் பொருள். வேறு நாட்டார்க்கு இஃது ஓர் அகராதிச் செய்தி. தஞ்சையார்க்கு இது கண்ணால் காணும் உண்மை. இங்கே பழைய வழிகள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளே. ஊருக்கு வழி கேட்டால், "வெண்ணாற்றங்கரையோடு போங்கள், மதகு வரும், அங்கே இறங்குங்கள்" என்பார்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிவிட்டால் ஆற்று மணலே அக்கரை செல்லும் பாதையாகிவிடும். ஐந்து ஆறுகளின் பெயரால் ஒரு தலமே விளங்குகின்றது, திருவையாறு. வீடுபேற்றுக்கு உரிய ஐந்து வழிகள் என்று அப்பெயருக்கு ஒருவர் பொருள் சொன்னாலும் இலக்கணம் தடுக்காது.

சங்க இலக்கியம் இச்சொல்லைக் கொண்டு ஓர் இலக்கிய வகையையே படைத்தது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், பசித்துச் சுற்றத்தோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தனக்குக் கொடுத்தவனிடம் அவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை நம் கரிகாற் சோழனிடம், அதாவது காவிரி பாயும் இந்நாட்டுக்கே, வழி சொல்கின்றது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் வள்ளலின் இடத்தில் இறைவனை வைத்தார். பரிசில் வீடுபேறாயிற்று, வழி அறுபடை வீடாயிற்று. பக்தி இலக்கியத்துக்குச் செல்லும் பாலம் அதுதான் என்பது அறிஞர் பலரும் ஒப்பும் கருத்து.

இனிக் கிறித்தவத்துக்கு வருவோம். அதன் தொடக்க நாள்களில் இயேசுவின் சீடர்கள் தங்களை ஒரு 'வழி'யைச் சார்ந்தவர்கள் என்றே கூறிக்கொண்டனர் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகின்றது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் தெருவையும் சாலையையும் குறிக்கும் எளிய சொல்லே. அதனைத் தமிழாக்கியோர் பட்ட பாடு சுவையானது. பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பு 'மார்க்கம்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'நெறி' என்றது. மார்க்கம் என்றவுடன் நமக்குச் சைவ சித்தாந்தத்தின் தாசமார்க்கம் முதல் சன்மார்க்கம் வரையிலான நான்கும் நினைவுக்கு வரும். நெறி என்றவுடன் செந்நெறி, நன்னெறி, சைவநெறி வரும். இரண்டும் உயர்ந்த சொற்கள். இரண்டிலும் கால் தரையில் படவில்லை. புழுதி ஒட்டிய 'வழி' என்ற சொல்லையே அங்கும் வைத்திருக்கலாம் என்பது என் எளிய கருத்து. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மையே குறிப்பிடும் இடத்தில் இரு மொழிபெயர்ப்புகளும் 'வழி' என்றே வைத்துள்ளன; அங்கு அவர்கள் தயங்கவில்லை.

அந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆற்றுப்படையில் மூவர் அல்லது மூன்று உண்டு: வழி சொல்பவன், வழி, வழியின் முடிவில் இருக்கும் வள்ளல். பாணன் வேறு, பாதை வேறு, கரிகாலன் வேறு. யோவான் நற்செய்தியில் இம்மூன்றும் ஒருவரிடத்தில் வந்து சேர்கின்றன. சொல்பவரும் அவரே, நடக்கும் தடமும் அவரே, சேரும் இடமும் அவரே. தமிழ் மரபில் வந்த வாசகனுக்கு இது வியப்பளிக்கும் அமைப்பு. சிலருக்கு இடறலாகவும் இருக்கும். எல்லா ஆறுகளும் கடலில் கலக்கும் என்ற உவமையோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரே வழி என்ற பேச்சு நமக்கு எளிதில் செரிப்பதில்லை. ஆனால் கல்லணைக்குக் கீழே வாழ்கின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: இங்கே ஆறு பிரிந்துகொண்டே போகும். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, அவற்றிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பிறகு வாய்க்கால், கன்னி வாய்க்கால், கடைசியில் ஒரு வயலின் மடை. தண்ணீர் ஒன்றே; ஆயினும் அது கடைமடைக்காரனைச் சேர்ந்ததா என்பதுதான் இங்கே எப்போதும் கேள்வி. கிறித்தவத்தின் வழிப் படிமத்தையும் அக்கேள்வியோடு அணுகலாம் என்று நினைக்கின்றேன்.

விவிலியத்தின் வழிக்கதைகளை இம்மண்ணின் கண்ணோடு படித்தால் சில இடங்கள் புதிதாக விளங்குகின்றன. குறுகிய வழி பற்றிய போதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சமயச் சொற்பொழிவாளர் பலர் அதனைத் துறவுக்கும் ஒறுத்தலுக்கும் எடுத்துக்காட்டாகவே கூறுவர். நடவுக் காலத்தில் வரப்பின்மேல் நடக்கும் பெண்களைப் பாருங்கள். ஒரு சாண் அகலம், இருபுறமும் சேறு, தலையில் நீர் சொட்டும் நாற்றுமுடி. அவர்கள் எதையும் துறந்து நடக்கவில்லை, சுமந்து நடக்கிறார்கள். அவ்வழி குறுகியிருப்பதற்குக் காரணம், விளையும் நிலத்தை வீணாக்கக் கூடாது என்பதே. விதைப்பவன் உவமையில் வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. கால் பட்டு இறுகிய வரப்பில் நெல் முளைக்காது என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். ஆகவே அதே விவிலியத்தில் வழி என்பது ஓரிடத்தில் வாழ்வு தருவது, மற்றோரிடத்தில் விதையை மலடாக்குவது. படிமம் ஒரே பொருளில் உறைந்துவிடவில்லை.

தமிழ்க் கிறித்தவக் காப்பியர்கள் இவ்வழிப் படிமத்தை எவ்வாறு ஆண்டனர்? வீரமாமுனிவர் தேம்பாவணியை 1726இல் இயற்றினார். மத்தேயு நற்செய்தியில் மூன்றே வசனங்களில் முடிந்துவிடும் எகிப்துப் பயணம், அவர் கையில் படலம் படலமாக விரிகின்றது. சூசையும் மரியாளும் குழந்தையும் கடக்கும் நிலங்களில் நம் ஐந்திணையின் வாசம் வீசுகின்றது. யூதேயா நாட்டையே நெல்லும் கரும்பும் விளையும் மருதநிலமாக அவர் பாடினார். பாலை நிலத்தார் வரலாற்றுக்கு இது பொருந்துமா என்று குறை கூறியோர் உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு எழுதிய ஒருவர் வேறெப்படிப் பாடியிருப்பார்? காட்டு வழியையும் அவர் கற்றிருந்தார். ஆனால் கண்முன் ஓடியது கொள்ளிடம்.

எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலின் வழிநூல். பன்யன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர், சிறையில் கிடந்தவர், அவர் உரைநடை சந்தைக்குப் போகின்றவன் பேச்சைப் போன்றது. அவருடைய பயணி முதுகில் மூட்டையோடு அவநம்பிக்கைச் சேற்றில் விழுந்து எழும்போது, ஆடி மாதத்து நாற்றங்காலில் காலை விட்டவர்கள் அதை உடனே உணர்வார்கள். கிருஷ்ண பிள்ளையோ கம்பனில் தோய்ந்தவர். ஐந்து பருவங்களாக, மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். புலமையில் அவருக்கு நிகர் அந்நூற்றாண்டில் சிலரே. எனினும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. வருணனைகளின் செறிவில் பயணி நடக்க மறந்துவிடுகிறான். பல இடங்களில் அவனைப் பல்லக்கில் ஏற்றிவிட்டதுபோல் இருக்கின்றது. நூலின் இடையே வரும் தேவாரப் பகுதிகளில்தான் அவன் மீண்டும் தரையில் இறங்குகின்றான். தேவாரம் நடந்தவர்களின் பாட்டு அல்லவா? கயிலைக்குப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்றதாகவும், இறைவன் ஆணையால் ஒரு பொய்கையில் மூழ்கி நம் திருவையாற்றில் எழுந்ததாகவும் சேக்கிழார் பாடினார். அந்த மரபின் யாப்பைக் கிருஷ்ண பிள்ளை எடுத்துக்கொண்டபோது, அதனோடு நடையும் வந்துவிட்டது.

நம் தஞ்சைக்கு நெருக்கமானவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, இரண்டாம் சரபோஜியோடு கல்வி பயின்று, 1864இல் மறைந்தவர். சுவார்ட்ஸைப் பற்றியும் ஒரு சொல். தரங்கம்பாடிக்கும் திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே அவர் ஓயாது பயணம் செய்தவர். 1779இல் ஐதர் அலியைக் காணச் சீரங்கப்பட்டணம் வரை தூது சென்றவர். அவரை அடுத்து வளர்ந்த சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார்.

குறவஞ்சி என்பதே தெருவின் இலக்கியம். தலைவன் உலா வருவது தெரு. குறத்தி கூடையோடு வருவது தெரு. தலைவி மட்டும் வீட்டுக்குள் இருந்து ஏங்குகின்றாள். சரபோஜி மன்னரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. சாஸ்திரியார் கிறித்துவை உலாத் தலைவராக்கினார். தேவமோகினி என்னும் தலைவி திருச்சபை. குறத்தி விசுவாசத்தின் உருவம். குறத்தியின் மலைவளமும் நாட்டுவளமும் கூறும் மரபான பகுதியில், தாம் ஐரோப்பியரிடம் கற்ற புதிய பூகோளத்தையே அவர் ஏற்றிப் பாடினார். உலகெல்லாம் நடந்து வந்தவள் அவள்.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகின்றேன். கதையில் அச்சமின்றித் தெருவில் நடக்கும் ஒரே பெண் குறத்தி. அவள் ஊருக்குள் வீடில்லாதவள். சாதி அடுக்கின் வெளியே நிறுத்தப்பட்டவள். வீட்டுக்குள் இருக்கும் உயர்குடிப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து அவள்தான் உண்மை சொல்கின்றாள். விசுவாசத்துக்கு உருவம் தேடியபோது சாஸ்திரியார் அவளைத் தேர்ந்தார். கவிஞர் என்ற நிலையில் அது மிகப் பெரிய தேர்வு. அதே சாஸ்திரியார், கோயிலுக்குள் வேளாளக் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவரும் தனித்தனியே அமரும் வழக்கத்தைப் புதிய பாதிரிமார் மாற்ற முனைந்தபோது எதிர்த்து நின்றார். சாதியைத் திருத்த முயல்வது பைத்தியம் என்னும் பொருளில் 1829இல் நூலே எழுதினார். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைச் சபையில் பெரும் பிளவு ஏற்பட்டது. குறத்தியைத் தெய்வ மணமகளின் வாசலுக்கு அழைத்து வந்த கவிஞர், அவளைத் தம் பக்கத்தில் உட்கார வைக்கச் சம்மதிக்கவில்லை. சாஸ்திரியாரைப் போற்றும் விழாக்களில் நான் இதைப் பேசியபோது சில முகங்கள் சுருங்கின. அவருடைய பாடலின் பெருமையை நான் குறைக்கவில்லை; அவருடைய குறத்தி அவரைவிட நெடுந்தொலைவு நடந்துவிட்டாள் என்கின்றேன்.

அதே காலத்தில் இதே தஞ்சை அரசின் சாலைகளில் வேறொரு நடைமுறை இருந்தது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக மராட்டிய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டினர். ஒரத்தநாட்டின் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கின்றது. இச்சத்திரங்களைப் பற்றி 1801இல் சரபோஜி மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை வரும் வழிப்போக்கர் எல்லார்க்கும் அங்கே உணவு உண்டு என்று தெரிவித்துள்ளார். சாதிமுறைப்படி பரிமாறும் ஒழுங்கு அங்கும் இருந்தது. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியாகவே கொடுத்தனர். சமத்துவம் என்று அதை மிகைப்படுத்த வேண்டா. ஆயினும் வழியில் நடக்கின்றவனைப் பசியோடு விடக்கூடாது என்ற அளவில் அரசு கண்ட அறம் அது. எம்மாவு ஊருக்குச் சென்ற இருவர் கதையிலும் வழித்துணையாக வந்தவரை அவர்கள் நடையில் அறியவில்லை, இரவு உணவில்தான் அறிந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏழு மைல் என்பார்கள். ஏறத்தாழப் பதினொரு கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கும் கிட்டத்தட்ட அதே தொலைவுதான். வேளாங்கண்ணியின் மரபுக் கதைகளைக் கவனியுங்கள். மூன்றும் வழிக்கதைகள். பால் கொண்டு நாகைக்குச் செல்லும் சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறுகின்றான், கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து பால் கேட்கின்றாள், அவன் கொடுக்கின்றான், நாகை சேர்ந்தபோது குடம் நிறைந்து பொங்குகின்றது. அடுத்து, நடுத்திட்டில் மோர் விற்கும் கால் ஊனமுற்ற சிறுவன். தாய் அவனை நாகைக்குச் சென்று செய்தி சொல்லச் சொல்கின்றாள். தான் நடக்கின்றோம் என்பதை அவன் நடந்த பின்னரே உணர்கின்றான். மூன்றாவது, புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிகள், கடல்வழியில் திசையிழந்தவர்கள்.

மோர் விற்ற சிறுவன் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நொண்டி நாடகம் நினைவுக்கு வரும். திருட்டுக்காகக் கால் வெட்டுண்டவன், ஒரு தலத்தை நாடிச் சென்று இறையருளால் கால் பெறுவது அந்நாடக வகையின் கதை. திருச்செந்தூருக்கும் அது உண்டு. சீதக்காதியைப் பாடும் இசுலாமிய நூலும் உண்டு. வேதநாயக சாஸ்திரியார் ஞான நொண்டி நாடகம் எழுதினார். மூன்று சமயத்தாரும் ஒரே ஊனமுற்றவனை நடக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் வேளாங்கண்ணிக் கதையில் ஒரு பெரும் வேறுபாடு: அச்சிறுவன் எந்தக் குற்றமும் செய்யாதவன். தண்டனை இல்லை, மனமாற்றம் இல்லை. மோர் கொடுத்தான், நடந்தான், அவ்வளவே. ஏழை மக்களின் கற்பனை புலவர்களின் கற்பனையைவிட இவ்விடத்தில் இரக்கமுடையதாக இருந்திருக்கின்றது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் அத்திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருவோரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடற்கரைச் சாலையில் நடந்து வருவோர் உண்டு. நம் ஊர் வழியாக அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று நடப்போர் உண்டு. சிறு சப்பரத்தில் மாதா உருவம். அதை இழுத்துவரும் இளைஞர். பின்னே செருப்பில்லாத பெண்கள். அவர்களுள் கணிசமானோர் கிறித்தவர் அல்லர். கோயிலை அடைந்தபின் மணற்பாதையில் முழந்தாளிட்டு நகர்கின்றவர்களைக் காணும்போது அப்பரின் கதை எந்தச் சமயத்தாருக்கு உரியது என்ற கேள்வியே மறைந்துபோகும். ஒரே வழி என்ற போதனை அவர்கள் காதில் எப்படி விழுகின்றது என்று சில பெண்களிடம் கேட்டிருக்கின்றேன். கேள்வியே அவர்களுக்கு விளங்கவில்லை. "வேண்டிக்கொண்டோம், நடக்கிறோம்" என்றார்கள். இறையியலார் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ, அறியேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கிறித்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர் மிகப் பலர் மாண்டனர். கடலில் தப்பியவர்களின் நன்றிக் கடனாக எழுந்த தலத்தில் கடலே வந்து கொண்டுபோயிற்று. அவ்வழி அதனால் நின்றுவிடவில்லை. மறு ஆண்டும் நடந்தார்கள்.

அவர்கள் நடக்கும் இச்சாலைக்குத் தொலைவில் அன்று கீழ்வேளூர்ப் பகுதியின் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதுவும் கிறித்து பிறப்பு நாள் இரவு. எரிகோ செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு ஒதுங்கிச் சென்றனர் என்ற உவமையைக் கீழத்தஞ்சையில் இருந்துகொண்டு படிப்பவர்கள், ஒதுங்கிச் சென்றவர் யார் என்பதை அயல்நாட்டில் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் தெரு என்பது முதலில் படிமம் அன்று, அஃது உரிமை. 1924இல் வைக்கத்தில் கோயிலுக்குள் செல்வதற்காகப் போராடவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே பெரியார் உள்ளிட்டோர் சிறை சென்றனர். கிறித்தவ ஊர்களும் விலக்கல்ல. எறையூரில் 2008ஆம் ஆண்டு தேவாலயத்தை ஒட்டி எழுந்த சாதிப்பூசல் துப்பாக்கிச் சூடு வரை சென்று இரண்டு உயிர்களைக் கொண்டது. யாருடைய சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகக் கோயிலுக்கு வரலாம் என்பது அங்கே இருந்த கேள்விகளுள் ஒன்று. தம்மையே வழி என்று சொன்னவரின் கோயிலுக்குச் செல்லும் வழியில்! பாமா 1992இல் எழுதிய கருக்கு இக்காயத்தை உள்ளிருந்து எழுதிய முதல் நூல்களுள் ஒன்று. வழி பற்றிய கிறித்தவக் கவிதையை இனி எழுதுவோர் அந்நூலைத் தாண்டிக்கொண்டு எழுத முடியாது.

நம் வட்டத்தின் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய பாடமாக வைத்திருக்கிறோம். அவ்வகையில் இன்று எழுதத் துணிவோர், வேளாங்கண்ணி நடைபயணத்தை எடுத்துக்கொள்ளலாம். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லும் அமைப்பு அங்கே உயிரோடு இருக்கின்றது. சென்ற ஆண்டு நடந்தவள் இவ்வாண்டு முதன்முறை நடப்பவளுக்குச் சொல்கின்றாள்: எந்தப் பள்ளிக்கூடத் திண்ணையில் இரவு தங்கலாம், எந்த ஊரில் மோர் கிடைக்கும், கொப்புளத்துக்கு என்ன பூசுவது, எந்தத் தெருவில் நிற்காமல் போய்விட வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாமல் எழுதுங்கள். முன்பட்டக் குறுவை அறுத்த ஆண்டுகளில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். நடப்பவர்கள் அதை மிதிப்பதில்லை. தார் கொதிக்கும் மறுபாதியில் வெறுங்காலோடு போகிறார்கள். அதையும் எழுதுங்கள்.